இரு வழிகளில் சென்று அடையும் ஓர் எண்: குளிர்நீரில் உப்பின் கரைதிறன்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேதியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்றும் அறக்கட்டளை இது. ஆய்வகமே வீடாக வாழ்ந்தவர் அவர் என்று அவருடைய மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆகவே ஆய்வக மேசையில் நாளைக் காலையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன். கேள்வி மிக எளியது. குளிர்ந்த நீரில் ஓர் உப்பு எவ்வளவு கரையும்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்த எண்ணை எதை வைத்து நம்புவது?

பத்தாம் வகுப்பிலேயே கரைதிறனுக்கு இலக்கணம் படித்துவிடுகிறோம். குறிப்பிட்ட வெப்பநிலையில், 100 கிராம் கரைப்பானில், தெவிட்டும் அளவுக்குக் கரையும் கரைபொருளின் எடை. பக்கத்திலேயே ஓர் அட்டவணை இருக்கும். எண்களை மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த எண்ணை யார், எத்தனை மணி நேரம் குலுக்கி, எதை எடைபோட்டுப் பெற்றார்கள் என்று கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்கப் போகிறோம்.

வெயில் கேட்கும் உப்பும் குளிர் கேட்கும் உப்பும்

இரண்டு உப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று சாப்பாட்டு உப்பு, சோடியம் குளோரைடு. மற்றது வெடியுப்பு, பொட்டாசியம் நைட்ரேட். 0 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீரில் சாப்பாட்டு உப்பு 35.7 கிராம் கரைகிறது. கொதிநிலையில் அது ஏறத்தாழ 39 கிராம். பனிக்கட்டியின் குளிரிலிருந்து கொதிக்கும் வெந்நீர் வரைக்கும் போனாலும் வித்தியாசம் மூன்று நான்கு கிராம்தான். வெடியுப்போ 0 டிகிரியில் 13.3 கிராம், 20 டிகிரியில் 31.6 கிராம், 60 டிகிரியில் 110 கிராம், 100 டிகிரியில் ஏறத்தாழ 245 கிராம்.

இந்த எண்களிலிருந்தே இரண்டு தொழில்கள் பிறக்கின்றன. சாப்பாட்டு உப்பின் கரைசலைக் குளிரவைத்துப் பயனில்லை. நீரை விரட்டினால்தான் உப்பு கிடைக்கும். அதனால்தான் தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி வெயிலுக்குக் காத்திருக்கிறார்கள். வெடியுப்புக்கு வெயிலைவிடக் குளிர்தான் முக்கியம். சூடான நீரில் நிறையக் கரைத்துக் குளிரவைத்தால் போதும், படிகம் தானே இறங்கும்.

வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பீகாரின் மண்ணிலிருந்து நோனியா மக்கள் வடித்தெடுத்த வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போனது. அந்த மண்ணில் சாப்பாட்டு உப்பும் கலந்திருக்கும். அது கலந்த வெடியுப்பு ஈரத்தை இழுக்கும். அதைக் கொண்டு செய்த மருந்து நமத்துப்போகும். எப்படிப் பிரிப்பது? 60 டிகிரியில் 100 கிராம் நீரில் 100 கிராம் வெடியுப்பும் 10 கிராம் சாப்பாட்டு உப்பும் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டியின் குளிருக்குக் கொண்டுவந்தால் 80 கிராமுக்கு மேல் வெடியுப்பு படிகமாகிவிடும். சாப்பாட்டு உப்புக்கோ 35 கிராம் வரை இடம் இருக்கிறது. அதன் 10 கிராமும் கரைசலிலேயே தங்கிவிடும். இந்தத் தூய்மைப்பாட்டின் விளைச்சல் முழுவதையும் நிர்ணயிப்பது குளிர்நீர்க் கரைதிறன்தான். வெந்நீரில் எவ்வளவு கரைந்தது என்பது தொடக்கம். குளிரில் எவ்வளவு திரும்பி வராமல் நின்றுவிட்டது என்பதுதான் கணக்கு.

வாங்கிய சரக்கைச் சோதிப்பதற்கும் பிரான்சில் இதே அறிவைப் பயன்படுத்தினார்கள். தூய வெடியுப்பால் ஏற்கெனவே தெவிட்டிய நீரை எடுத்து, அதே வெப்பநிலையில் சரக்கைக் கழுவுவார்கள். அந்த நீரால் இன்னும் ஒரு துளி வெடியுப்பைக்கூட ஏற்க முடியாது. பிற உப்புகளை மட்டும் கரைத்துக்கொண்டு போய்விடும். மீந்ததை எடைபோட்டால் தூய்மை தெரிந்துவிடும். இன்று உப்பு ஆலைகள் தெவிட்டிய உப்புநீரால் உப்பைக் கழுவி மக்னீசியத்தை நீக்குவதும் இதே முறைதான். கழுவும் நீர் உண்மையிலேயே தெவிட்டியதாக இருந்தால்தான் இது பலிக்கும். தெவிட்டவில்லை என்றால் நல்ல உப்பும் கரைந்துபோகும்.

வெடியுப்பு கரையும்போது நீர் சில்லிட்டுப்போகும் என்பதையும் நம் நாட்டில் நெடுநாளாகவே அறிந்திருந்தார்கள். அக்பரின் அவையில் குடிநீரைக் குளிரவைக்க வெடியுப்பைப் பயன்படுத்தியதை அபுல் ஃபசல் தம் ஆயின்-இ-அக்பரியில் பதிவு செய்திருக்கிறார். ஐந்து சேர் நீருக்கு இரண்டரை சேர் வெடியுப்பு. அந்தக் கலவையில் குடிநீர்க் கூஜாவை வைத்துக் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். அந்த விகிதத்தைப் பாருங்கள். 100 கிராம் நீருக்கு 50 கிராம். 30 டிகிரி நீரிலேயே 45.8 கிராம்தான் கரையும். நீர் குளிரக் குளிர இன்னும் குறையும். ஆகவே பாத்திரத்தின் அடியில் கரையாத வெடியுப்பு எப்போதும் மிச்சம் இருக்கும். குளிர்ச்சியை அதன் எல்லை வரைக்கும் பெற்றுவிடலாம். பட்டறிவால் கண்ட அந்த அளவு கரைதிறன் வளைகோட்டோடு இத்தனை நெருக்கமாகப் பொருந்துவதை நினைக்கும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

தெவிட்டியது என்று எப்படித் தெரியும்?

இனி அளப்பதற்கு வருவோம். முதலில் தோன்றும் வழி, 100 கிராம் குளிர்ந்த நீரில் சிறிது சிறிதாக உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போய், கரையாமல் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுவது. இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. குளிர்ந்த நீரில் கரைதல் மிக மெதுவாக நடக்கும். அதுவும் கடைசி ஓரிரு கிராம் கரைய மணிக்கணக்கில் ஆகும். அடியில் உப்பு மிச்சம் கிடப்பதைப் பார்த்து, நீர் தெவிட்டிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். உண்மையில் அது தெவிட்டியிருக்காது, சோம்பி நிற்கும்.

மறுபக்கத்திலிருந்து வரலாம் அல்லவா? வெந்நீரில் கரைத்துக் குளிரவைத்தால்? அங்கே வேறொரு பொறி. உப்பு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கரைசலிலேயே தங்கிவிடும். அதுதான் அதிதெவிட்டிய கரைசல். தெளிவாக, அசையாமல், எந்தக் குறையும் இல்லாததுபோல் நிற்கும். ஒரு சிறு படிகத்தைப் போட்டால்தான் அதன் உண்மை நிலை வெளிப்படும்.

நான் இன்று வலியுறுத்த விரும்பும் ஒரே கருத்து இதுதான். நின்றுபோன கரைசலும் சமநிலையை அடைந்த கரைசலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே வழி, எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்து பார்ப்பது. கீழிருந்து ஏறி வந்த எண்ணும் மேலிருந்து இறங்கி வந்த எண்ணும் ஒரே இடத்தில் சந்தித்தால், அதுவே கரைதிறன். சந்திக்கவில்லை என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

இதைத் தெளிவாக எடுத்துரைத்தவர் பிரான்சின் கே-லூசாக். 1818-இல் அரசின் வெடிமருந்து, வெடியுப்புத் துறைக்கான ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றவர். மறு ஆண்டே நீரில் உப்புகளின் கரைதிறன் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உப்போடு நீரைச் சூடாக்கி, வேண்டிய வெப்பநிலை வரை குளிரவைப்பது ஒரு வழி. குளிர்ந்த நீரில் மிகுதியாக உப்பைப் போட்டு, மெல்ல வெப்பநிலையை உயர்த்துவது இன்னொரு வழி. இரண்டிலும் இறுதி வெப்பநிலையில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்து, அடிக்கடி கலக்க வேண்டும் என்றார். கரைசலை நீண்ட கழுத்துள்ள குடுவையில் எடுத்து, சாய்த்துப் பிடித்து வற்றவைத்தார். தெறிக்கும் துகள் கழுத்திலேயே ஒட்டிக்கொள்ளும், ஒன்றும் வீணாகாது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் இந்த முறையின் எலும்புக்கூடு மாறவில்லை.

மேசையின் மேல்

வெடியுப்பின் கரைதிறனை 0 டிகிரியில் அளப்பதை இனிப் படிப்படியாகச் சொல்கிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மூடியுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகள் வேண்டும். இரண்டிலும் 50 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீர், 20 கிராம் வெடியுப்பு. முதல் புட்டிக்கு உப்பை நன்றாகப் பொடித்து, நீரை முன்கூட்டியே குளிரவைத்துக் கலக்க வேண்டும். இரண்டாவதை 45 டிகிரிக்குச் சூடாக்கி, உப்பு முழுவதும் கரைந்து தெளிந்த பிறகு குளிரவிட வேண்டும். இரண்டு புட்டிகளும் உடைத்த ஐஸும் நீரும் கலந்த தொட்டியில் கழுத்தளவு மூழ்கியிருக்கட்டும். ஐஸில் உப்பு கலந்துவிடக் கூடாது; கலந்தால் வெப்பநிலை 0-க்குக் கீழே போய்விடும். தெர்மாமீட்டரைப் புட்டிக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். கரையும்போது வெடியுப்பு வெப்பத்தை உறிஞ்சுவதால், வெளியில் 0 காட்டினாலும் உள்ளே வேறு வெப்பநிலை இருக்கலாம்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை குலுக்க வேண்டும். இரண்டாவது புட்டியில் ஊசி ஊசியாகப் படிகம் இறங்குவது தெரியும். இறங்கவில்லை என்றால் வெடியுப்புத் துகள் ஒன்றைப் போட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து, ஐஸ் தொட்டியிலேயே வைத்துத் தெளியவிட வேண்டும்.

அடுத்து மாதிரி எடுப்பது. இங்கேதான் குளிர்நீர்ச் சோதனைக்கே உரிய தவறு பதுங்கியிருக்கிறது. சூடான தெவிட்டிய கரைசலைப் பிப்பெட்டில் எடுத்தால் உப்பு குழாயிலேயே உறைந்துவிடும். தவறு கண்ணுக்குத் தெரியும். குளிர்ந்த கரைசலில் நேர்மாறு. நம் ஊர் ஆய்வக அறையின் வெப்பம் 30 டிகிரி. கரைசலோடு ஒரு நுண்ணிய படிகத் துகள் பிப்பெட்டுக்குள் ஏறிவிட்டால், அந்த வெப்பத்தில் சுவடின்றிக் கரைந்துவிடும். கரைசல் பளிங்குபோல் தெளிவாக இருக்கும், எண் மட்டும் கூடிவிடும். ஆகவே பிப்பெட்டின் நுனியில் பஞ்சடைத்த சிறு ரப்பர்க் குழாயைச் செருகிக் கரைசலை உறிஞ்ச வேண்டும். பிறகு அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும்.

கரைசலை, மூடியோடு எடைபோட்டு வைத்த பீங்கான் கிண்ணத்தில் விட்டு உடனே எடைபோட வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடியின் மேல் நொடியில் பனி படியும். பிப்பெட்டின் வெளிப்புறத்தைத் துடைக்காமல் விட்டால் அந்த நீர் கிண்ணத்தில் சொட்டும். அது என்ன செய்யும் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு, கிண்ணத்தில் விட்ட கரைசல் 25.00 கிராம். நீராவித் தொட்டியின் மேல் மெல்ல வற்றவைத்து, 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடைபோடுகிறோம். மீண்டும் உலர்த்தி மீண்டும் எடைபோடுகிறோம். எடை மாறாமல் நிற்கும் வரை இதைச் செய்ய வேண்டும். மீந்த உப்பு 2.93 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீர் 22.07 கிராம். 2.93-ஐ 22.07-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 13.28. இப்போது 0.1 கிராம் பனிநீர் கூடுதலாகச் சொட்டியிருந்தால்? நீர் 22.17 ஆகும், விடை 13.2-க்கு இறங்கிவிடும். இரண்டு சொட்டு நீர் விடையை மாற்றிவிடுகிறது.

இரண்டு புட்டிகளிலும் இதைச் செய்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். முதல் புட்டியின் எண் ஏறிக்கொண்டே வரும், இரண்டாவதன் எண் இறங்கிக்கொண்டே வரும். இரண்டும் 13.3-இல் வந்து சேரும்போது, அட்டவணையில் கண்ட எண் அந்த மாணவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமா? வெடியுப்பின் கரைதிறன் குளிர்ப்பகுதியில் டிகிரிக்கு ஏறத்தாழ 0.7 கிராம் மாறுகிறது. வெப்பநிலையில் 0.1 டிகிரி பிசகினால் விடையில் 0.07 பிசகும். தராசு 0.01 கிராம் பிசகினால் விடையில் 0.05 பிசகும். இரண்டும் ஏறக்குறைய சமம். நூறில் ஒரு கிராம் காட்டும் சாதாரணத் தராசே போதும். மீதிக் கவனத்தை வெப்பநிலையில் செலுத்த வேண்டும். எந்த அளவீட்டில் எங்கே கவனம் தேவை என்பதைக் கற்றுத்தர இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

அலகையும் மறந்துவிடக் கூடாது. 100 கிராம் நீருக்கு 13.3 கிராம் என்பதும், 100 கிராம் கரைசலில் 11.7 கிராம் என்பதும் ஒரே உண்மைதான். கையேடுகளில் இரண்டு வகையும் உண்டு. தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

அடியில் கிடப்பது எந்த உப்பு?

குளிரில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. நாம் போட்ட உப்பும் அடியில் கிடக்கும் உப்பும் ஒன்றுதானா? சோடியம் சல்பேட்டைப் பாருங்கள். நீரற்ற உப்பாகக் கணக்கிட்டால் 0 டிகிரியில் 4.9 கிராம், 20 டிகிரியில் 19.5, ஏறத்தாழ 32.4 டிகிரியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கி, 100 டிகிரியில் 42.5 ஆகிறது. வளைகோடு அங்கே முறிவதற்குக் காரணம், அந்த வெப்பநிலைக்குக் கீழே அடியில் இருப்பது பத்து மூலக்கூறு படிகநீர் கொண்ட உப்பு. மேலே இருப்பது நீரற்ற உப்பு. இரண்டு உப்புகள், இரண்டு வளைகோடுகள். சாப்பாட்டு உப்பே 0.1 டிகிரிக்குக் கீழே இரண்டு மூலக்கூறு படிகநீரோடு கூடிய வேறொரு படிகமாக இறங்குகிறது. ஐஸ் தொட்டியில் வைக்கும்போது அது தன் உருவை மாற்றிக்கொள்ளும் விளிம்பில் நிற்கிறது.

எல்லா உப்பும் குளிரில் குறைவாகவே கரையும் என்பதும் இல்லை. லித்தியம் கார்பனேட் 0 டிகிரியில் 1.54 கிராம் கரைகிறது. 100 டிகிரியில் அதில் பாதிதான். சுண்ணாம்பும் அப்படியே. தெளிந்த சுண்ணாம்பு நீரைக் கொதிக்கவைத்தால் கலங்கும். கரையும்போது வெப்பத்தை வெளிவிடும் பொருள் குளிரில் மிகுதியாகக் கரையும் என்பது லெ ஷாட்லியே கண்ட விதியின் விளைவு.

எடைக்கு அகப்படாதவை

வற்றவைத்து எடைபோடும் முறைக்கு எட்டாத உப்புகளும் உண்டு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் வெள்ளி குளோரைடு ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான் கரைகிறது. ஜெர்மனியின் கோல்ராஷ் இத்தகைய உப்புகளுக்கு மின்கடத்தலை அளக்கும் வழியைக் கண்டார். கரைந்த சொற்ப அயனிகளும் மின்சாரத்தைக் கடத்தும்; அதிலிருந்து அவற்றின் அளவைக் கணக்கிடலாம்.

அதைவிட வியப்பானது 1913-இல் வியன்னாவில் நடந்தது. ஜார்ஜ் ஹெவெசியும் ஃப்ரிட்ஸ் பனெத்தும் ஈய சல்பைடு, ஈய குரோமேட் ஆகியவற்றின் கரைதிறனை அளக்க முயன்றார்கள். சாதாரண ஈயத்தோடு கதிரியக்கமுள்ள ஈயத்தைக் கலந்து உப்பைத் தயாரித்தார்கள். கரைந்தது எவ்வளவு நுண்ணிய அளவானாலும் அதன் கதிர்வீச்சு காட்டிக்கொடுத்துவிட்டது. இன்று மருத்துவமனைகளில் உடலுக்குள் மருந்தைத் தொடர்ந்து சென்று பார்க்கும் கதிரியக்கச் சுவடு முறை இங்கேதான் தொடங்கியது. ஹெவெசிக்கு 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது அந்த முறைக்காகத்தான். நீரில் உப்பு எவ்வளவு கரையும் என்ற கேள்வியை விடாமல் துரத்தியதால் வந்த வழி அது.

நாம் செய்ய வேண்டியது

நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் உப்பைப் பகுத்தாய்வதும் பியூரெட்டில் பருமனறி பகுப்பாய்வு செய்வதும் நன்றாக நடக்கின்றன. அவை இரண்டிலும் விடை சில நிமிடங்களில் கிடைத்துவிடும். நிறம் மாறும், வீழ்படிவு வரும், முடிந்தது. காத்திருந்து, எதிர்த்திசையிலிருந்து சரிபார்த்து, அதன் பிறகே ஒரு முடிவை ஏற்கும் பழக்கத்தை அவை தருவதில்லை. கரைதிறன் சோதனை தரும். ஆகவே ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. கல்லூரியின் முதலாண்டிலாவது, ஒரு முழுநாளை ஒதுக்கி, பாதி மாணவர்கள் கீழிருந்தும் பாதி மாணவர்கள் மேலிருந்தும் 0, 10, 20, 30 டிகிரிகளில் அளக்கட்டும். எல்லாருடைய புள்ளிகளையும் ஒரே வரைபடத் தாளில் குறிக்கட்டும். பொருந்தாத புள்ளியை அழிக்க வேண்டாம். அது ஏன் விலகியது, பனிநீரா, படிகத் துகளா, காத்திருந்த நேரம் போதவில்லையா என்று விவாதிக்கட்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வேன். எங்கே ஓர் எண்ணைக் கண்டாலும், அது எந்த வெப்பநிலையில் எடுத்தது, எந்த அலகில் சொன்னது, அடியில் இருந்த திண்மம் எது, எத்தனை வழிகளில் சென்று அடைந்தது என்ற நான்கையும் கேளுங்கள். மருந்தாலையிலும் உப்பாலையிலும் நீர்ச் சுத்திகரிப்பிலும் நாளை நீங்கள் வேலை செய்யும்போது, உங்கள் கையெழுத்தோடு ஓர் எண் வெளியே போகும். அதை நம்பி மற்றவர்கள் தொழில் நடத்துவார்கள். அந்த நம்பிக்கைக்குத் தகுதியாக, மறுபக்கத்திலிருந்தும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.